பனிச்சறுக்குப் பலகைக்குப் பைண்டிங் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலைச்சரிவில் இறங்கும் சறுக்குப் பலகைக்கு (ஸ்கீ) பைண்டிங், அதாவது காலணியைப் பலகையோடு இணைக்கும் பிடிப்பான், வாங்க வருபவர்களில் பலர், அது காலணியை எவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் என்றே கடையில் விசாரிக்கிறார்கள். அது எப்போது காலை விடும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வாழ்ந்த யால்மர் வாம், 1937இல் தம் காலை முறித்துக்கொண்ட பிறகே, விழும்போது காலணியைத் தானாக விடுவிக்கும் பைண்டிங்கை உருவாக்கி 1939இல் காப்புரிமை பெற்றார். இன்றைய பைண்டிங்கிலும் அடிப்படை அதுவே: கால் முறுக்கப்படும்போது முன்பகுதி பக்கவாட்டில் விடுகிறது, உடல் முன்னோக்கிச் சாயும்போது குதிகால் பகுதி மேல்நோக்கித் திறக்கிறது. கீழ்க்கால் எலும்பு முறிவை இது வெகுவாகக் குறைத்திருக்கிறது; முழங்கால் தசைநார் கிழிவை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை என்பதையும் அறிந்தே வாங்க வேண்டும்.

காலணி கையில் இல்லாமல் பைண்டிங் வாங்கக் கூடாது. வழக்கமான சரிவுக் காலணியின் அடிப்பாகம் ஐஎஸ்ஓ 5355 தரத்தில் தட்டையாக இருக்கும். நடப்பதற்கு ஏற்ப வளைந்த, ரப்பர் பதித்த கிரிப்வாக் அடிப்பாகத்துக்கு ஐஎஸ்ஓ 23223 என்ற வேறு தரம் உண்டு. பழைய பைண்டிங்கில் கிரிப்வாக் காலணி உள்ளே நுழைந்து ‘கிளிக்’ என்று மாட்டிக்கொள்வதாலேயே பொருந்திவிட்டது என்று எண்ணுவது ஆபத்து. உரிய நேரத்தில் விடாமல் போகலாம். பைண்டிங்கின் மீதே கிரிப்வாக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது டின் எண், அதாவது எவ்வளவு விசையில் பைண்டிங் காலணியை விட வேண்டும் என்பதைக் குறிக்கும் அளவு. உங்கள் எடை, உயரம், வயது, காலணி அடிப்பாகத்தின் மில்லிமீட்டர் நீளம் (காலணியின் அளவு எண் அல்ல), சறுக்கும் பாணி ஆகிய ஐந்தையும் கொண்டு ஐஎஸ்ஓ 11088 அட்டவணைப்படி பயிற்சி பெற்ற பணியாளர் இதைக் கணக்கிடுவார். நிதானமாகச் சறுக்குபவர் முதல் வகை, வேகமாகச் செங்குத்துச் சரிவில் இறங்குபவர் மூன்றாம் வகை. இந்த இடத்தில் கௌரவம் பார்ப்பவர்கள் நிறையப் பேர். வகையை ஒரு படி உயர்த்திச் சொன்னால் எண்ணும் உயரும், விழும்போது பைண்டிங் தாமதமாகத்தான் விடும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அட்டவணையே எண்ணைக் குறைத்துக் காட்டுகிறது, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கிடைத்த எண், பைண்டிங்கின் வரம்புக்கு நடுவே விழ வேண்டும்: 6 வந்தால் 3 முதல் 10 வரை உள்ளது தாராளமாகப் போதும், 6இல் தொடங்கும் பந்தயப் பைண்டிங் அதிக விலை கொடுத்து வாங்கும் சுமைதான்.

பலகை கழன்று சரிவில் தனியே ஓடிவிடாமல் தடுக்கும் பிரேக், காலணிக்கு அடியில் பலகை எவ்வளவு அகலமோ அதற்குச் சமமாகவோ சுமார் 15 மி.மீ. வரை கூடுதலாகவோ இருக்கட்டும். குறுகலானது பலகையில் சிக்கிக்கொள்ளும். மிக அகலமானது திருப்பங்களில் பனியைக் கீறும்.

துளையிட்டுப் பொருத்துவதை வீட்டில் முயல வேண்டாம். பொருத்திய பிறகு, குதிகால் பகுதி காலணியை முன்னோக்கித் தள்ளும் அழுத்தத்தைச் சரிசெய்து, விடுவிக்கும் விசையைக் கருவியில் வைத்துச் சோதித்துத் தரும்படி கேளுங்கள். காலணியை மாற்றினாலோ எடை கணிசமாகக் கூடிக் குறைந்தாலோ மீண்டும் செய்ய வேண்டும், இல்லாவிட்டாலும் பருவத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. பழைய பைண்டிங்கை மலிவாக வாங்க நினைப்பவர்கள், எந்த மாடல்களுக்குத் தாம் இன்னும் பொறுப்பேற்கிறோம் என்று தயாரிப்பாளர் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் இன்னும் இருக்கிறதா என்று முன்னதாகக் கடையில் விசாரித்துக்கொள்ளவும். பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதைப் பெரும்பாலான கடைகள் தொடக்கூட மறுத்துவிடும்.