அடுப்படியில் ஒரு கதைக் கொப்பி

கதை எழுத அமைதியான நேரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவில், தேயிலைத் தோட்ட வரிசை வீடான எங்கள் லயக் காம்பராவில் அப்படி ஒரு நேரம் வருவதே இல்லை. விடியற்காலையில் தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதிக்கும்வரை எழுதுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது கடையில் வாங்கும் எழுதும் நோட்டு, போதும்.

எப்படி நிறுத்துவது என்பதுதான் முக்கியம். பிள்ளை கூப்பிட்டால், அடுத்து கதையில் என்ன நடக்கும் என்று ஒரு வரி குறித்துவிட்டு எழும்புங்கள். "கிழவி சாவியை ஒளிக்கிறாள்" என்ற அளவு போதும். பிள்ளையின் காய்ச்சலோடு ஒரு வாரம் போனாலும் அந்த வரியிலிருந்து தொடரலாம்.

மாசியில், காமனும் ரதியும் பற்றிய கதையை ஆடும் காமன் கூத்து தொடங்கினால் நான் கொப்பியை மூடிவிடுவேன். காமன் எரிந்தபின் ரதி அழுவதைக் கேட்பது எனக்கு வழிபாடு. அங்கே குறிப்பெடுக்க மாட்டேன்.

சாமியைச் சந்தேகிக்கும் பாத்திரத்தைப் பக்தியுள்ளவர் எழுதலாமா? தாராளமாக எழுதலாம். அவளை முழுதாகப் பேச விடுங்கள். கடைசிப் பக்கத்தில் கோயிலுக்கு இழுத்துவந்து திருத்துவது அவளுக்கும் அநியாயம், சாமிக்கும் அநியாயம்.

வீட்டாரின் துயரத்தை எழுதினால் முதலில் அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. நீர் வற்றும்போது பழைய கோயில் வெளியே தெரியும். அந்தப் பழைய நகரம் என் மாமியாரின் சிறுவயது ஊர். நான் வாசிக்க வாசிக்க, எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருந்தது என்று அவர் திருத்துகிறார். சில பெயர்களை மாற்றச் சொல்கிறார், மறுபேச்சின்றி மாற்றிவிடுகிறேன்.