வானிலிருந்து சரக்கு இறக்குதல்: கணக்கைத் தரையிலிருந்து தொடங்குங்கள்

விமானத்திலிருந்து நிவாரணப் பொருள்களை இறக்கும் அமைப்பை வடிவமைப்பவர், அந்தப் பொருள் தரையில் எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்பதை முதலில் அறிய வேண்டும். மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. தானியத்துக்குப் பாரசூட்கூட வேண்டியதில்லை. தென் சூடானில் உலக உணவுத் திட்டம், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல பைகளில் கட்டிய தானியத்தை இல்யூஷின்-76 விமானங்களிலிருந்து அப்படியே விழவிட்டிருக்கிறது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் அது உதவாது.

1,000 கிலோ பொதி ஒன்று விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டும் என்று கொள்வோம். சீரான வேகத்தில் இறங்கும்போது எடையும் காற்றின் இழுவையும் சமமாக இருக்கும். கடல்மட்டக் காற்றடர்த்தியை கன மீட்டருக்கு 1.225 கிலோ என்றும் இழுவைக் கெழுவை (பாரசூட்டின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.75 என்றும் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 334 சதுர மீட்டர் பரப்பும் 20.6 மீட்டர் விட்டமும் உள்ள பாரசூட் தேவைப்படும். பொதியின் அடியில் வைக்கும் தேன்கூட்டு அட்டை 20 செ.மீ. நசுங்கினால், உள்ளிருக்கும் பொருள் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு முடுக்கத்தை உணரும்.

இதே பொதியை லடாக்கின் லே போன்ற 3,500 மீட்டர் உயரமுள்ள இடத்தில் போட்டால் கணக்கு மாறிவிடும். அங்கே காற்றடர்த்தி ஏறத்தாழ 0.86 தான் என்பதால் இறங்கும் வேகம் 9.5 மீட்டராகவும் மோதும் ஆற்றல் 40 விழுக்காட்டுக்கு மேலாகவும் கூடும். ஆகவே ஆக்ராவின் சமவெளியில் தேறிய பொதி லடாக்கிலும் தேறும் என்று எழுதிக் கையெழுத்திடாதீர்கள். பாரசூட்டைப் பெரிதாக்குங்கள், அல்லது பொதியின் எடையைக் குறையுங்கள்.

விமானத்துக்குள் உருளைத் தடம், பூட்டு, பொதியைப் பிடிக்கும் பட்டை ஆகியவை வேண்டும். விமானி விமானத்தின் மூக்கைச் சற்று உயர்த்தியதும் பட்டை அறுக்கப்பட, பொதி தன் எடையாலேயே பின்கதவை நோக்கி நகரும். அப்போது ஈர்ப்பு மையமும் பின்னே செல்வதால் மூக்கு மேலும் உயரப் பார்க்கும். பொதி கதவு விளிம்பிலேயே சிக்கிக்கொண்டாலும் விமானி சமாளிக்கப் போதுமான கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

இனி இறங்கும் இடம். 250 மீட்டர் உயரத்திலிருந்து 8 மீட்டர் வேகத்தில் இறங்க 31 விநாடி ஆகும். விநாடிக்கு 5 மீட்டர் காற்று அதற்குள் பொதியை 155 மீட்டர் தள்ளிவிடும். உயரத்தைக் குறைத்தால் விலகல் குறையும், ஆனால் பாரசூட் முழுதாக விரிய நேரம் போதாமல் போகலாம். 2024 மார்ச்சில் காசாவில் நிவாரணப் பொதிகள் விழுந்து மக்கள் இறந்ததாகச் செய்தி வந்தது. எனவே பாரசூட் விரியாத பொதி விழக்கூடிய பரப்பையும் தனியே கணக்கிட்டு, அதில் ஆள் நடமாட்டம் இல்லாதபடி எல்லையைக் குறியுங்கள்.