கார் சப்வூஃபருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர்? ஓமிலிருந்து தொடங்குங்கள்

கார் ஆடியோ கடையில் ஆம்ப்ளிஃபயர் கேட்டால், அட்டைப்பெட்டியில் 2500 வாட், 3000 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அந்த எண் ஒரு நொடிக்கும் குறைவான உச்ச அளவு. பல நேரங்களில் அதுவும் கிடையாது. வாங்கும் முடிவை அதை வைத்து எடுக்காதீர்கள். முதலில் சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர், சுருக்கமாக சப்), அடுத்து அதன் ஓம் (மின்னெதிர்ப்பு), பிறகு ஆர்எம்எஸ் வாட் (உச்ச அளவு அல்ல, தொடர்ந்து தாங்கும் அல்லது தரும் சக்தி), கடைசியில்தான் ஆம்ப்ளிஃபயர். இந்த வரிசை மாறினால் பணம் வீண்.

ஹெட் யூனிட்டை (டேஷ்போர்டு ஸ்டீரியோவை) கழற்றுவது, தரைவிரிப்புக்கு அடியில் வயர் இழுப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவற்றுக்கு வீடியோக்கள் ஏராளம்.

முதலில் சப்வூஃபரின் விவரத் தாளில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆர்எம்எஸ் எத்தனை வாட், வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரை அசைக்கும் கம்பிச்சுருள்) எத்தனை ஓம். காயில் ஒன்றா இரண்டா என்பதும் முக்கியம். 300 வாட் ஆர்எம்எஸ் சப்புக்கு, அதே ஓமில் 300 வாட் ஆர்எம்எஸ் தரும் ஆம்ப்ளிஃபயர் சரியான ஜோடி. கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதான், கெயினை (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதற்கான திருகு) குறைத்து வைத்துக்கொள்ளலாம். குறைவான ஆம்ப்ளிஃபயரை முழுதாகத் திருகிக் கதற வைப்பதுதான் ஆபத்து. ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, காயில் சூடேறிக் கருகும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம்: ஓம்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். பள்ளியில் படித்த தொடரிணைப்பு, பக்க இணைப்புக் கணக்குதான் இது. இரண்டு 4 ஓம் காயில்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 2 ஓம், தொடரில் சேர்த்தால் 8 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து கூடுதல் மின்னோட்டம் இழுக்கப்படும், வாட் ஏறும். அதற்கு ஓர் எல்லை உண்டு. 'குறைந்தபட்சம் 2 ஓம்' என்று போட்ட ஆம்ப்ளிஃபயரில் 1 ஓம் மாட்டினால் தாங்காது.

காட்பாடி நண்பர் ஒருவரின் காரில் நடந்தது இதுதான். பன்னிரண்டு அங்குல சப்வூஃபர்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 4 ஓம் காயில் இரண்டு. பாட்டைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறினால் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வருவதற்குள் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்து ஒலி நின்றுவிடும். ஆறியதும் பாடும், மறுபடி நிற்கும். மாட்டிக் கொடுத்தவர்கள் "வேலூர் வெயில் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து சப் வயரை உருவி, மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தோம். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்ததில் 0.3 காட்டியது. அது மீட்டர் வயரின் சொந்த எதிர்ப்பு. சப் வயரில் வைத்ததும் 1.2. கழித்தால் 0.9. அதாவது நான்கு காயில்களையும் பக்க இணைப்பில் சேர்த்து 1 ஓம் ஆக்கியிருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரின் எல்லையோ 2 ஓம். ஒவ்வொரு சப்பின் காயில்களையும் தொடரில் போட்டு 8 ஓம் ஆக்கி, இரண்டு சப்களையும் பக்க இணைப்பில் சேர்த்ததும் மொத்தம் 4 ஓம். சத்தம் சற்றுக் குறைந்தது, ஆனால் அதன் பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை.

4 ஓம் என்று போட்ட காயில் மீட்டரில் 3.5 அளவில் காட்டினால் பயப்பட வேண்டாம். மீட்டர் அளக்கும் நேர்மின்னோட்ட (டிசி) எதிர்ப்பு, அச்சிட்ட ஓமைவிட எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இதில் இன்னொரு நுட்பம். இரட்டை 4 ஓம் சப் (4 ஓம் காயில் இரண்டு உள்ளது) இரண்டை வாங்கினால் 1, 4, 16 ஓம்தான் ஆக்க முடியும், 2 ஓம் கிடைக்காது. 2 ஓம் வேண்டுமானால் இரட்டை 2 ஓம் சப் இரண்டு வாங்க வேண்டும். ஒரே சப் என்றால் இரட்டை 4 ஓமே போதும். ஆகவே சப் வாங்கும்போதே காகிதத்தில் வரைந்து பார்த்துவிடுங்கள்.

எந்த வகை வாங்குவது

சப்புக்கு என் தேர்வு கிளாஸ் டி வகை மோனோபிளாக், அதாவது ஒரே சேனல் கொண்ட ஆம்ப்ளிஃபயர்தான். ஏறத்தாழ 80 சதவீதத் திறன், அளவில் சிறியது, சூடும் குறைவு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், வெயிலில் நிறுத்திய காரின் டிக்கிக்குள் அதிகம் சூடாகும் கிளாஸ் ஏபி வகை ஆம்ப்ளிஃபயரை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயரில் இரண்டை பிரிட்ஜ் செய்து (ஒன்றாக இணைத்து) சப் ஓட்டலாம், ஆனால் அப்போது ஒவ்வொரு சேனலுக்கும் பாதி ஓம்தான் தெரியும். பெரும்பாலானவற்றில் பிரிட்ஜுக்கு 4 ஓமே எல்லை.

பெட்டியில் போட்ட வாட் உண்மையா என்று கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃப்யூஸ்களின் எண்ணைக் கூட்டுங்கள். 20 ஆம்பியர் இரண்டு என்றால் 40. அதை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 552 வாட். கிளாஸ் டி-க்கு அதில் 80 சதவீதம், சுமார் 440 வாட். பெட்டியில் 2500 என்று இருந்தாலும் அது தொடர்ந்து தரக்கூடியது இந்த அளவுதான். சிஇஏ-2006 என்ற வாட் அளக்கும் தர முறைப்படி (இப்போதைய பெயர் சிடிஏ-2006) அளந்தது என்று குறிப்பிட்டிருந்தால் அந்த ஆர்எம்எஸ் எண்ணை நம்பலாம்.

வயரும் கெயினும்

300 வாட் ஆர்எம்எஸ் வரை பவர் வயர் 8 கேஜ் போதும் (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிமன் கூடும்). நான் 4 கேஜ்தான் போடுவேன், பிறகு பெரிய ஆம்ப்ளிஃபயர் மாற்றினாலும் வயர் அப்படியே இருக்கும். அசல் செம்பாகப் பார்த்து வாங்குங்கள். இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், அதைத் தொடாதீர்கள். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃப்யூஸ் கட்டாயம். இது இல்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

கெயின் என்பது வால்யூம் அல்ல. சப்பைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, ஹெட் யூனிட்டை முக்கால் அளவில் நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போடுங்கள். ஆம்ப்ளிஃபயர் முனையில் மாறுமின் (ஏசி) வோல்ட் அளந்துகொண்டே கெயினை மெல்லத் திருப்புங்கள். ஆர்எம்எஸ் வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். 300 வாட், 2 ஓம் என்றால் 24.5 வோல்ட். லோ பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த ஒலியை மட்டும் சப்புக்கு விடுவது) 80 ஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: எஞ்சினை முறுக்கும்போது சப்போடு சேர்ந்து கதவு ஸ்பீக்கர்களிலும் 'ஊய்' என்று கேட்கிறது என்று ஆம்பூரிலிருந்து ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். பெரும்பாலும் எர்த் கோளாறுதான். எர்த் வயர் பவர் வயருக்குச் சமமான தடிமனில், முடிந்தவரை குட்டையாக இருக்க வேண்டும். பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிந்த இடத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டாதீர்கள். டிக்கித் தளத்தில் புதிதாகத் துளை போடுவதானால், அடியில் எரிபொருள் டேங்க் இருக்கிறதா என்று வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்த பிறகே டிரில்லைக் கையில் எடுங்கள்.