தூரத்து கேமரா மட்டும் சிங்க் ஆகலையா? இதப் பாருங்க

லைவ் மியூசிக்கை மூணு நாலு கேமரால எடுத்து எடிட் பண்றவங்களுக்கு ஒரு குறிப்பு. வேவ்ஃபார்ம் (சத்தத்தோட அலை வடிவம்) வச்சு எல்லா கேமராவையும் சாஃப்ட்வேர்லயே ஆட்டோ சிங்க் பண்ணதும், அதாவது ஒரே நேரத்துக்கு பொருத்துனதும், நேரா கட் பண்ண உக்காந்துடாதீங்க, ஏன்னா கடைசி வரிசைல நிக்கிற கேமராவுக்கு சத்தம் லேட்டாதான் போய் சேரும். சத்தம் செகண்டுக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும், அப்ப மேடைலருந்து 34 மீட்டர் தள்ளி இருக்கிற கேமரால 0.1 செகண்ட் தாமதம், செகண்டுக்கு 25 ஃப்ரேம் ஓடுற டைம்லைன்ல அது ரெண்டரை ஃப்ரேம். சாஃப்ட்வேர் கேமரா சத்தத்தை மிக்சர் ஆடியோவோட (மேடை மைக்லருந்து நேரா பதிவான சத்தம்) கரெக்டா பொருத்திடும், ஆனா படம் முந்திக்கிட்டு ஓடும்.

டிரம்மர் குச்சி ஸ்னேர்ல (டிரம் செட்ல ஒரு டிரம்) படுற ஃப்ரேமை பெருசு பண்ணி பாருங்க, மிக்சர் ஆடியோல அந்த அடி வர்றதுக்கு முன்னாடியே குச்சி பட்டிருச்சுன்னா அந்த கிளிப்பை மட்டும் ரெண்டு மூணு ஃப்ரேம் வலது பக்கம் தள்ளுங்க, அவ்ளோதான். டிரம்ஸ் இல்லன்னா பாடகரோட உதடு ஒட்டிப் பிரியற 'ப', 'ம' எழுத்த வச்சு பாக்கலாம்.

நீளமான ரெக்கார்டிங்னா கடைசி பாட்டுலயும் ஒருதடவ செக் பண்ணுங்க, தனி ரெக்கார்டர்ல எடுத்த ஆடியோ போகப்போக விலகும்.

கட் பண்றதுல என் கருத்து, ஒவ்வொரு பீட்டுக்கும் மாத்துனா எரிச்சல்தான் வரும். பாடகர் அடுத்த வரிக்கு மூச்சு இழுக்குற இடத்துல மாத்துங்க, சோலோ வந்தா வாசிக்கிற விரலை விட்டு நகராதீங்க.