தாத்தா வீட்டுக்கு வாடகை கொடுத்துத் தங்கப் போகிறவர்களுக்கு

உவரி, மணப்பாடு, குலசை பக்கம் உங்கள் பூர்வீக வீட்டை உறவுக்காரர் யாராவது நாள்வாடகைக்கு விட்டிருக்கிறாரா? டிக்கெட் எடுக்கும் முன்னால், அந்தச் சொத்தின்மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986-இல். அதற்கு முந்தைய மணப்பாட்டுப் பத்திரங்களில் திருநெல்வேலி ஜில்லா என்றே இருக்கும், பயப்பட வேண்டாம்.

எங்கள் வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், விருந்தாளிகளுக்காக ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள்: 'போர்ச்சுகீசியர் கட்டிய பங்களா'. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்ததே 1658-இல். எங்கள் வீடோ அதற்கு ரொம்பப் பிந்தியது: நிலைப்படிக்கு மேலே பர்மா தேக்கில் பூட்டன் பேரும் 1911-உம் செதுக்கியிருக்கிறது. கொழும்புக்குத் தோணியில் கருப்பட்டி ஏற்றி அவர் சம்பாதித்த காசு அது. பேருக்குமேல் வார்னிஷ் அடித்து மூடியிருக்கிறார்கள். விரலால் தடவினால்தான் எழுத்து தட்டுப்படுகிறது.

போய் இறங்கிய அன்று ராத்திரியே பெரியப்பா மகன், என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தை நீட்டினான். "ஏட்டி, நீ அங்க இருந்துக்கிட்டு இத என்ன செய்யப் போற? ஒரு கையெழுத்துதான." எண்பதுகளில் யூ.டி.ஆர். என்ற நிலப்பதிவேடு புதுப்பிப்பு நடந்தபோது பட்டாவில் பெரியப்பா பேர் மட்டும் ஏறிவிட்டது. அதை வைத்துத்தான் வீடே தன்னுடையது என்கிறான். பட்டா வெறும் வருவாய்த்துறைக் கணக்கு, அதுவே உரிமையாகிவிடாது. மூலப்பத்திரம் எங்கே என்று கேளுங்கள். எங்களைப்போல் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. நம்மைப் பெற்றவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் மனுப் போட வேண்டும். லீவு முடிவதற்குள் கைக்கு வரும் என்று நம்பிப் போகாதீர்கள். நான் வெறுங்கையோடுதான் விமானம் ஏறினேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உப்புக்காற்றில் காரை உதிர்ந்தபோதெல்லாம் ஆள் வைத்துப் பூசியது அந்தப் பெரியப்பா மகன் அண்ணன்தான். எங்கள் அம்மாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான். அந்தக் கடனுக்கு அவனுக்குக் கூடுதல் பங்கே கொடுக்கலாம். ஆனால் ராத்திரியில் நீட்டிய தாளில் போடுகிற கையெழுத்தாக அது இருக்கக் கூடாது. பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு நாமாக ரத்து செய்ய முடியாது.

வெளிநாட்டில் இருந்தபடி, உங்களுக்காகச் செயல்பட ஒருவருக்குப் பவர் பத்திரம் கொடுப்பதானால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள்; அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

செப்டம்பர் 14 மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழா. கொழும்பு, மும்பை என்று சிதறிய சொந்தமெல்லாம் ஊரில் இருக்கும். வாரிசுகள் அத்தனை பேரையும் ஒரே தார்சாவில் உட்காரவைத்துப் பேச அந்த வாரம்தான் தோது.