ரத்தம் உறையாமைக்கான மருந்தும் புற்றுநோயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆஸ்பிரின் போட்டா கேன்சர் பரவாதாமே, அப்பாவுக்குக் கொடுக்கலாமா?" கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்து சிகிச்சைக்காகக் கோவைக்கு இறங்கும் குடும்பங்கள் இப்படிக் கேட்பதுண்டு. டாக்டரைக் கேட்காமல் கொடுப்பதுதான் முதல் தவறு.

கேள்விக்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் சேரும் புற்றுச் செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிந்துவிடும். சில மட்டும் பிளேட்லெட்டுகளை (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை) போர்வைபோல் சுற்றிக்கொள்கின்றன. அப்படி மறைந்த செல்லை நம் எதிர்ப்பு செல்களால் எளிதில் பிடிக்க முடிவதில்லை. பிளேட்லெட் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் அந்தச் செல்லுக்குப் பரவும் குணத்தையும் கூட்டுகிறது. பிளேட்லெட் குறைந்த எலிகளில் பரவலும் குறைந்ததை 1968-லேயே கண்டார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் என்ற மருந்து, பிளேட்லெட்டுகளின் ஒட்டும் புரதமான பி-செலக்டினைத் தடுக்கிறது.

ஆனால் எலியில் நடந்தது மனிதரிலும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு ஹெபாரின் வகை மருந்தான டால்டெபாரின் சேர்த்துக் கொடுத்த ஃபிராக்மாடிக் ஆய்வில் ரத்தக்கட்டு குறைந்தது, ஆயுள் கூடவில்லை. 2018-இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களில் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடையே புற்றுநோய் மரணம் சற்று அதிகமாகவே இருந்தது.

எல்லா மருந்தும் ஒன்றுதான் என்று நினைப்பதும் தவறு. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் பிளேட்லெட்டில் வேலை செய்பவை. வார்ஃபரின், ஹெபாரின், அபிக்ஸபான் ரத்தம் உறைய வைக்கும் புரதங்களில் வேலை செய்பவை. கடையில் ஒன்று கிடைக்கவில்லை என்று இன்னொன்றை வாங்கிப் போடாதீர்கள்.

மலையில் இருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. புற்றுநோய் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பைக் கூட்டும். ஒரு கால் மட்டும் வீங்கினால் "பஸ்ஸில் உட்கார்ந்தே வந்த வீக்கம்" என்கிறோம். திடீரென்று மூச்சு வாங்கினால் "மேடு ஏறினது" என்கிறோம். முதலாவது காலில் கட்டிய ரத்தமாக இருக்கலாம். இரண்டாவது, அது நுரையீரலுக்குப் போனதன் அறிகுறியாக இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. ரத்தம் கசியுமோ என்று பயந்து மருந்தைத் தானாக நிறுத்துவதும் இந்த ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும்.

ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்தோடு விண்டர்கிரீன் தைலமும் விற்கும். மூட்டுவலிக்குத் தடவுவோம். அதிலுள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவு. தோல் வழியாக உள்ளே போகும். வார்ஃபரின் எடுப்பவர் தாராளமாகத் தேய்த்தால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) ஏறி ரத்தக்கசிவு வரலாம். தடவுவதையும் மருந்துப் பட்டியலில் சொல்லுங்கள். வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரை, முட்டைகோஸை விட வேண்டாம். ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

கீமோ நடக்கும்போது பிளேட்லெட் எண்ணிக்கை விழலாம். 50,000-க்குக் கீழே போனால் மருந்தின் அளவை டாக்டர் மறுபடி முடிவு செய்ய வேண்டியிருக்கும். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தேயிலைத் தோட்டத்தில் அட்டை கடித்தால், அதன் எச்சிலிலேயே ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் உண்டு. இந்த மருந்து எடுப்பவருக்கு ரத்தம் நிற்க இன்னும் நேரமாகும். சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள், நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கறுப்பாக மலம் போனாலோ, தலையில் அடிபட்டாலோ வலி இல்லை என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.