மாவுச்சத்தைக் குறைத்த காலை உணவு: மதியம் வரை பசி தாங்க

தட்டிலிருந்த ரொட்டியை எடுத்துவிட்டு ஒற்றை முட்டையோடு எழுந்துபோனால், பத்தரை மணிக்குக் கை பிஸ்கட் டப்பாவைத் தேடத்தான் செய்யும். பலரும் ‘இந்த உணவு முறை எனக்கு ஒத்துவரவில்லை’ என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். கோளாறு மாவுச்சத்தை எடுத்ததில் இல்லை, எடுத்த இடத்தைக் காலியாக விட்டதில் இருக்கிறது. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம் புரதம், 70 கலோரி. அதை வைத்து நான்கு மணி நேரம் ஓட்ட முடியாது.

மாவுச்சத்து என்று இங்கே சொல்வதில் சர்க்கரையும் அடக்கம். ஒரு நாளைக்கு மொத்தம் 130 கிராமுக்குக் கீழே இருந்தால் அதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்பது வழக்கம். 20 முதல் 50 கிராம் என்பது மிகக் கடுமையான வகை. முதல் வகைக்காரர்கள் காலையில் 15–25 கிராம் வரை தாராளமாகச் சாப்பிடலாம், இரண்டாவது வகைக்காரர்கள் 10 கிராமுக்குள் நிற்க வேண்டும்.

ஆனால் காலையில் முதலில் எண்ண வேண்டியது மாவுச்சத்தை அல்ல, புரதத்தை. 25 முதல் 30 கிராம் புரதம் வரும்படி தட்டை அமைத்துக்கொண்டு, பிறகு காய்கறி, அதன்பின் கொழுப்பு என்று போங்கள். மூன்று முட்டையோடு 30 கிராம் சீஸ் சேர்த்தால் 25 கிராம் வந்துவிடும். வெறும் வெண்ணெயும் கிரீமும் கலந்த காபியைக் காலை உணவு என்று சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. கலோரி இருக்கிறது, புரதமும் நார்ச்சத்தும் கிட்டத்தட்ட இல்லை.

தண்ணீர்தான் எதிரி

மாவு இல்லாத சமையலில் கெட்டுப்போகும் பதார்த்தங்களில் பெரும்பாலானவை தண்ணீரால் கெட்டவை. ரொட்டியும் மாவும் வெறும் வயிறு நிரப்பிகள் அல்ல. காயும் முட்டையும் விடும் நீரை உறிஞ்சி இறுக்கிப் பிடிக்கும் வேலையையும் ஸ்டார்ச்தான் செய்கிறது. அதை நீக்கிவிட்டால் அந்த நீர் தட்டில் குளம் கட்டும். ஆகவே நீரை முன்கூட்டியே வெளியேற்ற வேண்டும், அல்லது வேறு ஏதாவது கொண்டு கட்ட வேண்டும்.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 150 கிராம் காளானை நறுக்கி, எண்ணெய் விடாமல், அகலமான வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, அதிகத் தீயில் வதக்குங்கள். ஐந்தாறு நிமிடத்தில் நீர் கசிந்து வற்றும். கொதிக்கும் சத்தம் அடங்கி, பொரியும் சத்தம் கேட்கும்போது வெண்ணெயும் உப்பும் சேர்க்கலாம். குவித்துப் போட்டால் தன் நீரிலேயே வெந்து ரப்பராகிவிடும். சுக்கினி என்ற சுரை வகைக் காயைத் துருவி, அரைத் தேக்கரண்டி உப்பு பிசறி, 10 நிமிடம் கழித்துத் துணியில் பிழியுங்கள். கீரையைத் தனியாக வதக்கி, ஆறியதும் கையால் பிழிந்துவிட்டுத்தான் முட்டையில் சேர்க்க வேண்டும். 100 கிராம் கீரை ஒரு பிடிதான் தேறும், அதைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

முட்டை: தீயைக் குறையுங்கள்

முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும், மஞ்சள் கரு 65–70 டிகிரியில். அதற்கு மேலும் சூடு ஏறினால் புரதம் சுருங்கி, பிடித்துவைத்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். முட்டைப் பொரியலைச் சுற்றி மஞ்சள் நீர் நிற்பது அதனால்தான்.

ஒருவருக்கு மூன்று முட்டை, 10 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகும் வரை அடித்து, குறைந்த தீயில் வெண்ணெய் நுரைத்ததும் ஊற்றுங்கள். கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருங்கள். இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்கிறதே என்று தோன்றும்போதே அடுப்பிலிருந்து இறக்க வேண்டும், மிச்சத்தை வாணலியின் சூடு பார்த்துக்கொள்ளும். அடுப்பிலேயே முழுசாக வெந்துவிட்டது என்றால், தட்டுக்கு வரும்போது காய்ந்திருக்கும்.

அவசரக் காலைகளுக்கு முந்தைய நாளே சுட்டு வைக்கலாம். 8 முட்டை, 100 மில்லி கிரீம், 80 கிராம் துருவிய சீஸ், மேலே சொன்னபடி நீர் நீக்கிய காய்கறி 300 கிராம். 12 குழி மஃபின் தட்டில் வெண்ணெய் தடவி ஊற்றி, 180 டிகிரியில் 18–20 நிமிடம். நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் 71 டிகிரி காட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் உப்பல் அமுங்கிவிடும். அது நீராவி வெளியேறுவதுதான், பிழையல்ல. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். இதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: ஒரு மஃபினில் முட்டை முக்கால் பங்குகூட இல்லை, புரதம் ஆறு கிராம் அளவுதான். இரண்டைத் தின்றுவிட்டுப் பசிக்கிறது என்று புலம்பக் கூடாது. ஒரு வேளைக்கு நான்கு வேண்டும்.

அவித்த முட்டைக்கு ஒரே விதி: குளிர்ந்த நீரில் போட்டுச் சூடேற்றாமல், கொதிக்கும் நீரில் இறக்குங்கள். ஓடு சுலபமாக உரியும். 7 நிமிடத்தில் மஞ்சள் கரு பசையாக இருக்கும், 10 நிமிடத்தில் இறுகும், 12 நிமிடத்தில் முழுக்க வெந்துவிடும். உடனே ஐஸ் தண்ணீரில் போடாவிட்டால் உள்சூட்டில் வெந்துகொண்டே போய், மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த நிறம் அது. சாப்பிடலாம், பார்க்கத்தான் நன்றாயிராது. ஓட்டோடு குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருக்கும்.

தயிரும் சியாவும்

சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு மூன்றரை கிராம் புரதம்தான். 500 கிராம் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, குளிர்பெட்டியில் 4–6 மணி நேரம் விட்டால் பாதியாக வற்றும், புரதம் செறிவாகும். கடையில் கெட்டித் தயிராக வாங்குவதானால் 100 கிராமுக்கு 9–10 கிராம் புரதம் இருப்பதையும், இனிப்பும் பழச்சுவையும் சேர்க்காததையும் பார்த்து எடுங்கள். அப்படிப்பட்ட தயிர் 200 கிராம், ஒன்றிரண்டாக உடைத்த பாதாம் 20 கிராம், சியா விதை ஒரு மேசைக்கரண்டி, ஸ்ட்ராபெர்ரி 50 கிராம். புரதம் 25 கிராமை ஒட்டி வரும், மாவுச்சத்து 15 கிராம் போல. ஸ்ட்ராபெர்ரிக்குப் பதில் ஒரு வாழைப்பழம் என்றால் அது மட்டுமே 27 கிராம்.

சியா தன் எடையைப் போலப் பத்து மடங்கு வரை நீரை இழுக்கும். அதில் இருக்கும் மாவுச்சத்தில் பெரும்பகுதி நார்ச்சத்து. 3 மேசைக்கரண்டி சியாவுக்கு 240 மில்லி இனிப்பில்லாத பாதாம் பால். கலந்து வைத்து, 10 நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை கிளறுங்கள். இந்த இரண்டாவது கிளறலை விட்டால் அடியில் கட்டியும் மேலே தண்ணீருமாக நிற்கும். இரவு முழுக்க ஊறட்டும். உலர்ந்த சியாவை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், உணவுக்குழாயில் உப்பி அடைத்துக்கொள்ளக்கூடும். சியா மட்டும் தின்றால் புரதம் போதாது. பக்கத்தில் இரண்டு அவித்த முட்டை இருக்கட்டும், அல்லது பாதாம் பாலில் பாதியைக் கெட்டித் தயிராக மாற்றுங்கள்.

பான்கேக் நினைப்பு வந்தால்

பாதாம் மாவு 50 கிராம், 2 முட்டை, 30 மில்லி தண்ணீர், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கலந்து 5 நிமிடம் வைத்துவிட்டு, 8–10 சென்டிமீட்டர் அகலத்தில் நான்காக ஊற்றுங்கள். பெரிதாக ஊற்றினால் புரட்டும்போது உடையும், பிடித்துவைக்க இதில் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற பசைப் புரதம் இல்லை. கொழுப்பு அதிகம் என்பதால் சீக்கிரம் கருகும், ஆகவே தீ குறைவாகவே இருக்க வேண்டும். மேலே குமிழ் வரும் என்று காத்திருக்காதீர்கள். ஓரத்தின் பளபளப்பு மங்கியதும் புரட்டுங்கள், கிட்டத்தட்ட 3 நிமிடம். புரதம் மொத்தம் 22 கிராம் அளவில் வரும்.

பாதாம் மாவு தீர்ந்துபோய்த் தேங்காய் மாவு இருக்கிறதா? அதே அளவு போட்டால் மரத்தூள்தான் கிடைக்கும். அது நீரைக் குடிக்கும் வேகமே வேறு. கால் பங்கு மாவும் கூடுதலாக ஒரு முட்டையும் என்பது தொடக்கக் கணக்கு, கெட்டியாக இருந்தால் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்கலாம்.

கடலை மாவைப் பலரும் மாவுச்சத்தே இல்லாதது போலப் பேசுகிறார்கள். 30 கிராமில் ஏறக்குறைய 17 கிராம் இருக்கிறது. மிதமான வகைக்காரர்களுக்குச் சரி, கடுமையான வகைக்கு ஆகாது.

முட்டை ஆகாதவர்களுக்கு டோஃபு, அதாவது சோயா பன்னீர். கெட்டி வகை 200 கிராமைத் துணியில் சுற்றி, மேலே பாரம் ஏற்றி 15 நிமிடம் விட்டு நீரை வெளியேற்றுங்கள். உதிர்த்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பரப்பி, 3–4 நிமிடம் தொடாமல் விட்டால் அடி பொன்னிறமாகும். அதற்குப் பிறகுதான் வெங்காயம், மஞ்சள்தூள், மிளகு, உப்பு. தொடக்கத்திலேயே கிளறினால் கூழ்தான். பட்டுபோல மிருதுவான வகை இதற்கு உதவாது.

எல்லாவற்றையும்விடச் சுலபமானது, முந்தைய இரவின் மீனோ கோழியோ. காலையில் இனிப்போ மாவோ தான் சாப்பிட வேண்டும் என்று வயிறு கேட்பதில்லை, பழக்கம்தான் கேட்கிறது. வடித்த டின் சூரை மீன் 120 கிராம், அரை அவகாடோ, எலுமிச்சைச் சாறு, கீரை இலைகள்: ஐந்து நிமிடம், அடுப்பே தேவையில்லை, 25 கிராமுக்கு மேல் புரதம்.

வகை வேண்டும் என்று ஏழு நாளுக்கு ஏழு செய்முறை தேடி அலையாதீர்கள். சலிப்பு சுவையால் மட்டும் வருவதில்லை, பதத்தாலும் வரும். முட்டை, தயிர், டோஃபு, மீன் என்ற நான்கையும் மாற்றி மாற்றி, மென்மையான நாளுக்கு அடுத்த நாள் மொறுமொறுப்பு, சூடான நாளுக்கு அடுத்த நாள் குளிர்ச்சி என்று வைத்தால் போதும்.

கணக்கைக் கெடுப்பவை

தட்டைச் சரியாக அமைத்துவிட்டு கோப்பையில் கோட்டைவிடுவது சகஜம். ஒரு தம்ளர் ஆரஞ்சுச் சாற்றில் மாவுச்சத்து சுமார் 26 கிராம். 240 மில்லி பாலில் 12 கிராம். ஓட்ஸ் பாலில், தயாரிக்கும்போதே நொதிகள் ஸ்டார்ச்சை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைத்துவிடுகின்றன, எனவே ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற வரியை நம்பி ஏமாறாதீர்கள். கொட்டைகளில் முந்திரி 100 கிராமில் 30 கிராம் மாவுச்சத்து, அதில் நார் 3 கிராம்தான். அதைவிட வால்நட்டும் பாதாமும் நல்லது.

பொட்டலத்தைப் படிக்கும்போது அது எந்த நாட்டு லேபிள் என்று கவனியுங்கள். அமெரிக்க முறையில் கார்போஹைட்ரேட் (இங்கே மாவுச்சத்து என்றது) வரியில் நார்ச்சத்தும் சேர்ந்திருக்கும், கழித்துக்கொள்ளலாம். ஐரோப்பிய முறையில் அது ஏற்கெனவே கழிக்கப்பட்டது, இரண்டாம் முறை கழித்தால் கணக்கு பொய்.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருந்தளவை மாற்றாமல் மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாகத் தாழலாம். எஸ்ஜிஎல்டி2 வகை நீரிழிவு மருந்துகளோடு கீட்டோ அசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் தேங்கும் ஆபத்தான நிலை) வரும் அபாயமும் உண்டு. இவர்களும், கர்ப்பிணிகளும், சிறுநீரக நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் பேசிய பிறகுதான் தொடங்க வேண்டும்.

மற்றவர்களுக்கு முதல் வாரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு வரலாம். இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றுகிறது, உடன் நீரும் போகிறது. ரத்த அழுத்தச் சிக்கல் இல்லாதவர்கள் காலையில் ஒரு கோப்பை உப்புப் போட்ட சூப் குடித்தால் பெரும்பாலும் தீரும். மலச்சிக்கல் என்றால் காய்கறியும் தண்ணீரும் குறைவு என்று பொருள்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு அளவைத் திருத்துங்கள். இரண்டு மணி நேரத்திலேயே பசித்தால் முதலில் கூட்ட வேண்டியது புரதம்: இன்னொரு முட்டை, அல்லது 50 கிராம் கெட்டித் தயிர். புரதம் 30 கிராமைத் தொட்டும் பசி நிற்கவில்லை என்றால்தான் அவகாடோவோ ஒரு பிடி கொட்டையோ சேர்ப்பது. மதியம்கூடப் பசியே இல்லை என்றால் கொழுப்பைக் குறையுங்கள், முட்டையை விடாதீர்கள்.